நீதிச்செவிக்கு ஒரு காரணம்

செங்காத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீதிச்செவி திறந்துவைக்கப்பட்ட அன்று முனைவர் செம்பியன் ஐம்பது நிமிடம் பேசினார். அவர்தான் அலுவலகத்தின் தலைமை. அவருடைய முனைவர் பட்டம் எந்த ஊரில், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று யாரும் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஒருவர் இப்போது மலைமேல் ஒரு சோதனைச்சாவடியில் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இத்தனை காலம் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்தார்," என்றார் செம்பியன். "கண் என்ன செய்யும்? யாருடைய வண்டி என்று முதலில் பார்க்கும். நூறு பஸ் வைத்திருப்பவர் கூரைமேல் அரை வீடு கட்டியிருந்தாலும் தெரியாது. ஒற்றை மினி பஸ்காரர் படியில் ஒரு கம்பியைக் கூடுதலாகப் பற்றவைத்தால் பளிச்சென்று தெரியும். நீதிதேவதைக்குக் கண்ணைக் கட்டினார்கள். நாங்கள் கண்ணே வைக்கவில்லை. காது மட்டும்."

எழுத்தர்கள் கைதட்டினார்கள். வண்டித் தகுதிச் சான்று தரும் எஃப்.சி. மைதானத்தில் வெயிலில் வண்டியோடு நின்ற எண்பது பேர் தட்டவில்லை. எந்த வார்த்தையில் தங்களுக்கு ஆப்பு இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்பதில் ஒருத்தி பவுன்தாய். மேலக்கரிசலிலிருந்து செங்காத்தூர் வரை பத்தொன்பது கிலோமீட்டர் ஓடும் மினி பஸ்ஸின் உரிமையாளர். டிரைவர் மூன்றாவது முறையாகச் சொல்லாமல் வேலைக்கு மட்டம் போட்டபோது தானே ஸ்டியரிங்கைப் பிடித்தவள், பிறகு அதை யாரிடமும் கொடுக்கவில்லை. கண்டக்டர் கிடையாது. டிக்கெட்டைப் படியோரத்து மெஷின் கொடுத்தது.

மைதானச் சுவரை ஒட்டிக் கனகசுந்தரத்தின் கொட்டகை. எஃப்.சி. காட்ட வருகிறவர்கள் அங்கேதான் முதலில் நிற்பார்கள். கூடுதல் சீட்டைக் கழற்றி, ஏர் ஹாரனை மறைத்து, முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும் வாடகைக்கு வாங்கி மாட்டி, வண்டியைக் காட்டிவிட்டு, மறுபடி கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரே தீயணைப்பான் பதினோரு ஆண்டுகளாக நானூறு வண்டிகளைக் காப்பாற்றியிருந்தது, ஒரு தீயையும் பார்க்காமல்.

"என்ன அண்ணாச்சி, கடைய ஏறக்கட்டிட்டிய?" என்றாள் பவுன்தாய்.

"வேற என்ன செய்ய? இனிமே கழட்டி மாட்டுத சோலியே கெடையாதாம். வண்டிய எப்பிடி மாத்தியிருக்கியோ அப்பிடியே கொண்டாரணும். அந்தக் காதுக்கு முன்னால நின்னு, ஏன் மாத்துனேன்னு வாயால சொல்லணும். மூணு நிமிசம்."

"சொன்னா?"

"கொரலக் கேட்டே நெசமா பொய்யான்னு கண்டுபிடிச்சிருமாம். மூச்சு, நடுக்கம், இதுக்கு முந்தி எவனும் இதச் சொல்லியிருக்கானா, எல்லாத்தையும் பாக்குமாம். நெசமான தேவைன்னா ஒரு வருசத்துக்கு விலக்கு. பொய்யின்னா பதினாலு நாள்ல பழையபடி ஆக்கணும். இல்லேன்னா பெர்மிட்டு போச்சு."

"அப்ப நல்லதுதானே அண்ணாச்சி."

"ஊருக்கு நல்லது. எனக்கு இந்தத் தீயணைப்பான வச்சு என்ன பண்ணன்னுதான் தெரியல."

முதல் நாளே பவுன்தாய்க்கு முறை வந்தது. நீதிச்செவி பெட்ரோல் பங்க் மெஷின் உயரத்துக்கு ஒரு எஃகுத் தூண். நடுவில் சல்லடை போட்ட ஓட்டை. வெளிப்படைத்தன்மைக்காக உள்ளே சொல்லப்படுவது அத்தனையும் மைதானத்து ஒலிபெருக்கியில் வரும் என்று செம்பியன் ஏற்பாடு செய்திருந்தார்.

"மாறுதலைக் கூறுக," என்றது செவி. செய்தி வாசிப்பவரின் தமிழ்.

"ஆறு சீட்டக் கழட்டிட்டு ரெண்டு நீளப் பெஞ்சு போட்டிருக்கேன்," என்றாள் பவுன்தாய். குரல் நடுங்கியது. "எங்க ரூட்ல அஞ்சு பேருக்கு கிட்னி போச்சு. வாரத்துல மூணு நாளு இங்க பெரியாஸ்பத்திரியில ரத்தத்தச் சுத்தம் பண்ணிட்டுத் திரும்புவாங்க. வரும்போது உக்கார முடியாது. தல சுத்தும், கை கால் இழுக்கும். ஒருநா சூசைமாணிக்கண்ணே சீட்டுலேருந்து சரிஞ்சு படியில உருண்டுட்டாரு. மறுநா வெல்டிங் பட்டறையில விட்டேன். வேற ஒண்ணும் இல்லீங்க."

அவள் மூக்கை உறிஞ்சியதுகூட ஒலிபெருக்கியில் போயிற்று.

"காரணம் உண்மை. ஆபத்து இல்லை. விலக்கு அளிக்கப்படுகிறது."

மைதானம் அப்படியே அடங்கியது. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு பவுன்தாய் வண்டியை எடுத்தாள். அது மனப்பாடம் செய்கிறவர்களின் அமைதி.

அன்று மாலைக்குள் பதினோரு வண்டிகளில் சிறுநீரக நோயாளிகள் ஏறிவிட்டார்கள். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பின்னால் கூடுதலாகப் பொருத்திய பலகை நோயாளி கால் நீட்டத்தான் என்றார். பாட்டுப்பெட்டி நாலு மாட்டியிருந்த வேன்காரர், நோயாளியின் மனசு லேசாவதற்கு என்றார். அடுத்த வாரம் கனகசுந்தரம் கொட்டகையில் புதுப் பலகை தொங்கியது: 'காரணம் சொல்லித் தரப்படும்.' தேவைப்பட்டால் கூடவே வந்து இருமுவதற்கு ஆட்களும் கிடைத்தார்கள். சிறுநீரகத்துக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாடிக்கையாளர் யாரும் கேட்கவில்லை. செவியும் கேட்கவில்லை.

பெரிய முதலாளிகள் இந்த வரிசையில் நிற்கவே இல்லை. ஐம்பது வண்டிக்குமேல் வைத்திருப்பவர்கள் காரணத்தை எழுத்தில் தரலாம் என்று இரண்டாவது மாதமே சுற்றறிக்கை வந்தது. செவிக்கு எழுத்து கேட்காது என்பதால் அவை எல்லாம் ஆட்சேபம் இல்லாமல் ஏற்கப்பட்டன.

அடுத்த ஆண்டு பவுன்தாய் அதே தூணுக்கு முன் நின்று அதையே சொன்னாள். இந்த முறை சூசைமாணிக்கத்தையும் அழைத்து வந்திருந்தாள். மேலக்கரிசலில் டீக்கடை வைத்திருந்தவர். இப்போது நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று அளந்து கொடுக்கப்பட்டவர். அந்த வேடிக்கையை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

செவி தன் பதிவுகளைத் துழாவியது.

"இக்காரணம் இம்மாவட்டத்தில் நூற்று முப்பத்தேழு முறை கூறப்பட்டுள்ளது. ஒலி ஆய்வு செய்த நூற்று முப்பத்தாறு வண்டிகளில் நோயாளி இல்லை. உங்கள் குரலில் நடுக்கம் உள்ளது. காரணம் பொய். நிராகரிக்கப்படுகிறது."

"நூத்தி முப்பத்தேழாவது வண்டிதாங்க இது," என்றாள் பவுன்தாய். "இதையும் ஒருக்கா ஆய்வு பண்ணிப் பாருங்க. இந்தா ஆளே நிக்காரு."

"எலேய் காது, இங்க கேளு," என்று சூசைமாணிக்கம் சல்லடையருகே குனிந்தார். "கையில ஊசி குத்துன எடம் தேங்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. தொட்டுப் பாக்கியா?"

"வாடகைச் சாட்சி எனப் பதிவு செய்யப்படுகிறது. அடுத்தவர் வருக."

செம்பியனின் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் அவரும் நீதிச்செவியும் சேர்ந்து நிற்கும் படம்.

"நான் என்னம்மா செய்ய முடியும்?" என்றார். "மனிதன் தலையிடக் கூடாது என்பதற்காகத்தானே இதை வைத்திருக்கிறோம். நான் உங்களுக்காகச் சொன்னால், நாளைக்கு இன்னொருத்தருக்காகச் சொல்லச் சொல்வார்கள். அப்புறம் நேர்மை என்ன ஆவது?"

"நீங்க சொல்ல வேண்டாம் சார். எறங்கி வந்து வண்டியப் பாருங்க. கீழதான் நிக்கி. நாலு பேரு படுத்திருக்காங்க."

"பார்ப்பதா?" அவர் உண்மையிலேயே காயப்பட்டவர்போல நிமிர்ந்தார். "கண்ணால் பார்க்கிற காலத்தை ஒழித்துவிட்டுத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்."

பதினாலு நாளில் ஆறு சீட்டைப் பொருத்த வேண்டும். பொருத்தினால் ஐந்து பேரும் வரப்போவதில்லை. ஆட்டோவுக்கு வாரம் மூன்று நாள் கொடுக்க அவர்களில் யாருக்கும் வழியில்லை. பொருத்தாவிட்டால் பஸ்ஸே ஓடாது, அப்போதும் அவர்கள் வரப்போவதில்லை. பவுன்தாய் பத்தாவது நாள் கனகசுந்தரத்தின் கொட்டகைக்குப் போனாள்.

"ஒன் காரணத்தத்தான் நான் வித்தேன், இல்லங்கல," என்றார் அவர். வெட்கப்பட்ட மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டார். "நீ சொன்னது அப்பிடி இருந்துச்சு. எனக்கே கண்ணு கலங்கிட்டு. நல்ல சரக்கு, சீக்கிரம் தீந்துட்டு."

"எனக்கு இப்ப என்ன அண்ணாச்சி வழி?"

"புதுசு ஒண்ணு வச்சிருக்கேன். இன்னும் யாருக்கும் குடுக்கல. தவிலு."

"தவிலா?"

"நையாண்டி மேளக் குழுவுக்கு ஓட்டுதேன்னு சொல்லு. தவில நிமுத்தி வச்சா ஆடி ஆடித் தோல் வாரு கெட்டுரும், படுக்க வச்சுத்தான் கொண்டு போவணும், அதுக்குத்தான் பெஞ்சுன்னு சொல்லு. அஞ்சு தவிலு. கலைன்னா இப்ப மேலிடத்துல ஒரு மவுசு. நோயாளின்னா இல்ல."

"எனக்குப் பொய் வராது அண்ணாச்சி. நடுங்கிரும்."

"நெசத்தச் சொன்னாத்தான் நடுங்கும் தாயி. என்ன ஆவுமோன்னு பயமிருக்கும்லா. பொய்யி சொல்லுதவன் வீட்டுல பத்து தடவ சொல்லிப் பாத்துட்டுல்லா வாரான். எங்கிட்ட வந்த நூத்தி முப்பத்தாறு பேருல ஒருத்தனும் நடுங்கல. நீ ஒருத்திதான் நடுங்குன."

நாலு நாள் பஸ்ஸிலேயே பயிற்சி நடந்தது. பவுன்தாய் ஓட்டிக்கொண்டே சொல்ல, பின்னால் படுத்திருந்தவர்கள் திருத்தினார்கள். ஐவரில் இளையவள் எஸ்தர்ராணி, ஜாக்கெட் தைப்பவள், ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேயே சிரித்துவிடுவாள்.

"சிரிக்காதட்டி," என்பார் சூசைமாணிக்கம். "தவிலு சிரிக்குமா? வாருபுடிச்ச மாதிரி கெட."

"ஒங்களுக்கு வயிறு இருக்கு, தவிலுன்னா நம்பும். என்னயப் பாத்தா உறுமி மாதிரில்லா இருக்கேன்."

"அதுக்குத்தான் கண்ணே கெடையாதே. பொறவு என்ன."

பதினாலாவது நாள் பவுன்தாய் சல்லடைக்கு முன் நின்று, தவில் வாரைப் பற்றி இரண்டேகால் நிமிடம் தண்ணீர் ஓடுவதுபோல் பேசினாள். காரணம் உண்மை என்றது செவி. மரபுக் கலைகளுக்கு உதவும் வண்டி என்பதால், தடத்துக்கு வெளியேயும் போகலாம் என்று கூடுதலாக ஒரு சலுகை வேறு கொடுத்தது. இதற்கு முன் நோயாளிகளுக்காக அவள் நாலு தடவை எழுதிக் கேட்டுக் கிடைக்காத சலுகை அது.

ஊர் எல்லையிலும் ஒரு செவிக் கம்பம் நட்டிருந்தார்கள். விலக்கு வாங்கிய வண்டிகள் ஒவ்வொரு நடைக்கும் அங்கே நின்று பதில் சொல்ல வேண்டும்.

"பெஞ்சில் என்ன?"

"தவில்."

"எத்தனை?"

"அஞ்சு."

குறுக்குக் கம்பி உயரும். பின்னாலிருந்து யாராவது ஒருவர் வாயாலேயே மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவார். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது.

ஆண்டு முடிவில் செம்பியனுக்கு விருது கிடைத்தது. போலி நோயாளிகளைக் காட்டி விலக்கு வாங்கிய வண்டிகள் நூற்று முப்பத்தேழிலிருந்து பூஜ்யமாகிவிட்டன என்று பாராட்டுப் பத்திரத்தில் இருந்தது. நூற்று முப்பத்தாறு பேர் காரணத்தை மாற்றிக்கொண்டதாலும் ஒருத்தி தவிலுக்கு மாறியதாலும் வந்த பூஜ்யம் அது. பூஜ்யத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று பத்திரத்தில் போடும் வழக்கமில்லை.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை பெரியாஸ்பத்திரி வாசலில் பவுன்தாய் வண்டியைத் திருப்பியபோது, ரத்தம் சுத்தம் செய்யும் நாலு மெஷின்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வார்டின் நர்ஸ் திலகராணி படியில் ஒரு கடிதத்தோடு நின்றாள்.

"எங்க கொண்டு போறாவக்கா?" என்றாள் எஸ்தர்ராணி, பஸ் ஜன்னலிலிருந்து.

"மாவட்ட ஆஸ்பத்திரிக்கு. இங்கருந்து நாப்பத்தாறு கிலோமீட்டர்." நர்ஸ் கடிதத்தைப் பவுன்தாயிடம் நீட்டினாள். "போக்குவரத்துப் பதிவுப்படி இந்தப் பக்கம் வருத நோயாளி பூஜ்யமாம். தேவையில்லாத எடத்துல மெஷினு எதுக்குன்னு எழுதியிருக்கு."

"நீங்க தெனமும் எழுதுத நோட்டு இருக்குல்லா? அதுல எங்க பேரு இருக்குமே," என்றார் சூசைமாணிக்கம்.

"அனுப்பினோம். அத ஏத்துக்கிடலண்ணே. அது மனுசன் எழுதினதாம்."

பவுன்தாய் அன்றே மறுபடியும் செம்பியனின் அறையில் நின்றாள். சுவரில் இன்னொரு படம் கூடியிருந்தது.

"வருத்தமான விஷயம்தான்," என்றார் அவர். "செவியில் ஒரே ஒரு பதிவு இருந்தால்கூட நான் மேலே எழுதலாம். ஒரு வண்டி, ஒரு நோயாளி. ஒன்றுகூட இல்லையே அம்மா. எதை வைத்து எழுத?"

"பதிவு வந்தா மெஷினு திரும்பி வருமா சார்?"

"மறுபரிசீலனை செய்யலாம்."

"நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா என் பெர்மிட்டு?"

"அது ரத்தாகும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே."

வெள்ளிக்கிழமை காலை பவுன்தாய் எல்லைக் கம்பத்தில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தாள். பஸ்ஸில் ஐந்து பேரும் இருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று முந்தின நாளே அவர்களிடம் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று நாலு பேர் சொன்னார்கள். பெர்மிட் போனால் அவள் என்ன செய்வாள் என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே இட்லி விற்பேன், நீங்கள் எப்படியாவது வந்து சேருங்கள் என்றாள்.

"பெஞ்சில் என்ன?"

"மனுசங்க," என்றாள் பவுன்தாய். "அஞ்சு பேரு. கிட்னி போனவங்க. ஒரு வருசமா தவிலுன்னு சொன்னது பொய்யி. எழுதிக்கிடுங்க."

கம்பம் யோசித்தது.

"குரலில் நடுக்கம் உள்ளது. இது பழைய பொய்க் காரணங்களில் ஒன்று. இவ்வண்டியின் உறுதிசெய்யப்பட்ட காரணம், தவில். முந்நூற்றுப் பன்னிரண்டு பயணங்களில் ஒருமுறையும் முரண்பாடு இல்லை. உங்கள் நற்பதிவு கருதி இக்கூற்று நீக்கப்படுகிறது. செல்லலாம்."

குறுக்குக் கம்பி உயர்ந்தது.

"நீக்காதீங்க," என்றாள் பவுன்தாய். "நாந்தான் ஒத்துக்கிடுதேம்லா. பெர்மிட்ட ரத்து பண்ணுங்க."

"செல்லலாம்."

சூசைமாணிக்கம் எழுந்து உட்கார்ந்தார். ஜன்னல் வழியே கையை வெளியே போட்டுப் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி அறைந்தார். "எலேய், நான் உசுரோட இருக்கேம்ல. சூசைமாணிக்கம். மேலக்கரிசல். கேக்குதா, கேக்குதா?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அறை.

"இசைக்கருவியின் ஒலி உறுதிசெய்யப்பட்டது," என்றது கம்பம். "நல்வாழ்த்துகள்."

பின்னால் ஓர் ஆம்னி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் கூரைமேல் பைக்குகளும் மூட்டைகளும் ஒரு மாடி உயரத்துக்கு இருந்தன. எழுத்தில் காரணம் கொடுத்த வண்டி. பவுன்தாய் சாவியைத் திருப்பினாள். மெஷின் ஓட நாலு மணி நேரம், அதற்கு முன் நாற்பத்தாறு கிலோமீட்டர் போக வேண்டும். தாமதித்தால் இடம் போய்விடும்.

அதற்குப் பிறகு வாரம் மூன்று நாளும் நாற்பத்தாறு கிலோமீட்டர் போய் வந்தார்கள். சலுகை இருந்ததால் அதை யாரும் தடுக்கவில்லை. இந்தத் தடத்தில் ஓய்வில்லாமல் தவில்கள் போய்வருவதைச் செவியின் பதிவிலிருந்து கண்டுபிடித்த கலைத்துறை, பெரியாஸ்பத்திரியில் காலியாகக் கிடந்த வார்டில் ஓர் இசைப் பயிற்சி மையம் தொடங்கியது. செம்பியன் குத்துவிளக்கு ஏற்றினார். கேட்பதே அறம் என்று நாற்பது நிமிடம் பேசினார்.

ஐப்பசி மழையில் ஓடைப்பாலம் மூழ்கி இரண்டு நடை தவறியது. தண்ணீர் வடிந்து மூன்றாவது நடைக்கு வண்டி புறப்பட்டபோது சூசைமாணிக்கம் உயிரோடு இல்லை. பெஞ்சில் அவர் படுக்கும் இடத்தில் யாரும் படுக்காமல் வந்தார்கள்.

எல்லைக் கம்பத்தில் பவுன்தாய் வண்டியை நிறுத்தினாள்.

"பெஞ்சில் என்ன?"

"தவில்."

"எத்தனை?"

"நாலு."

"பதிவில் ஐந்து. ஒன்று குறைகிறது. விற்பனையா, பழுதா?"

பவுன்தாய் கண்ணாடியில் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பின்னாலிருந்து எஸ்தர்ராணி, "சொல்லிருங்கக்கா, நேரமாவுது," என்றாள்.

"பழுது," என்றாள் பவுன்தாய்.

குரல் நடுங்கவில்லை. குறுக்குக் கம்பி உயர்ந்தது.